செஸ் எஞ்சினின் புது வெர்ஷன் பழையதைவிடப் பலமானதா? சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம். அல்சூரில் என் வீட்டு மாடிப்படியில் செருப்பை ஆளுக்கொரு மூலையாக உதறிவிட்டு ஓடி வந்தான் ஒரு தம்பி. ஆம்பூர்க்காரன், மாரத்தஹள்ளியில் பிஜியில் தங்கி வேலை பார்க்கிறவன். ஒரு வருடமாக ராத்திரியில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு செஸ் எஞ்சின், அதாவது தானே செஸ் ஆடும் புரோகிராம், எழுதிக்கொண்டிருக்கிறான்.

"அண்ணா, புது வெர்ஷன் ஜெயிச்சிருச்சு! முப்பத்தஞ்சு எலோ ஏறியிருக்கு."

எலோ என்பது செஸ் பலத்தை அளக்கும் எண். லேப்டாப்பைத் திறந்து காட்டினான். பழைய வெர்ஷனோடு நூறு ஆட்டம். 34 வெற்றி, 24 தோல்வி, 42 டிரா. நூற்றுக்கு 55 புள்ளி.

"தம்பி, இதுல ஏறுச்சுன்னும் சொல்ல முடியாது, இறங்குச்சுன்னும் சொல்ல முடியாது."

"பத்து ஆட்டம் கூட ஜெயிச்சிருக்கேண்ணா!"

அவனுக்கு முகம் சுண்டிப்போனது. சரி, விவாதம் எதற்கு என்று அன்றிரவு ஒன்பது மணிக்கு என் டெஸ்க்டாப்பில் அதே இரண்டு வெர்ஷன்களையும் மோதவிட்டோம். மறுநாள் காலை பத்து மணிவாக்கில் சோதனை தானாக நின்றது. 9,400 ஆட்டங்கள்: 2,333 வெற்றி, 2,368 தோல்வி, 4,699 டிரா. முன்னேற்றம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. முந்தைய நாள் பார்த்த முப்பத்தைந்து எலோவும் தாயக்கட்டை விழுந்த விதம்தான்.

அந்த ராத்திரி நாங்கள் என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எஞ்சின் எழுதத் தெரிந்தவர்களுக்கானது இது. ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் போதும்.

நூறு ஆட்டம் ஏன் பத்தாது

முதலில் கணக்கு. இது பிடிபட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

எலோ வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. எடுத்த புள்ளியை விட்ட புள்ளியால் வகுங்கள். அதற்குப் பத்தடிமான மடக்கை எடுத்து 400-ஆல் பெருக்குங்கள். 55-ஐ 45-ஆல் வகுத்தால் 1.22, அதன் மடக்கை 0.087, ஆகவே 35 எலோ. இதே வழியில் 51 சதவீதம் எடுத்தால் 7 எலோ, 52 என்றால் 14, 60 என்றால் 70, 75 என்றால் 191. செஸ் உலகம் இந்த முறையைப் பயன்படுத்தத் தொடங்கி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அர்பாட் எலோ என்ற பௌதிகப் பேராசிரியர் வகுத்தது, 1970-ல் உலகச் செஸ் அமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்டது.

சிக்கல் அந்த 35-ல் இல்லை. அதன் பக்கத்தில் எழுத வேண்டிய பிழை எல்லையில் இருக்கிறது. தம்பியின் நூறு ஆட்டத்துக்கு அந்த எல்லை ஏறக்குறைய 52 எலோ. அதாவது உண்மையான வித்தியாசம் மைனஸ் 17-லிருந்து பிளஸ் 87 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பாதி ஆட்டம் டிரா ஆகிற இரண்டு எஞ்சின்களுக்கு, 95 சதவீத நம்பிக்கையோடு, 100 ஆட்டத்தில் பிழை எல்லை சுமார் 48 எலோ. 1,000 ஆட்டத்தில் 15. 10,000 ஆட்டத்தில் 5. ஆட்டத்தை நான்கு மடங்காக்கினால்தான் பிழை பாதியாகும். இதில் குறுக்கு வழி கிடையாது.

நம் ஊர்ப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனதை எல்லோரும் பார்த்தோம். 14 ஆட்டம், 3 வெற்றி, 2 தோல்வி, 9 டிரா, 7.5-க்கு 6.5. பட்டம் கொடுக்க அது போதும், அதற்கு மேல் கேட்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அதே 14 ஆட்டத்தை எஞ்சின் சோதனை மாதிரி கணக்குப் போட்டால், 25 எலோ முன்னிலை, நூறு எலோவுக்கும் மேலே பிழை என்று வரும். பட்டத்துக்கான கேள்வியும் அளவெடுக்கும் கேள்வியும் வேறு வேறு.

நம் வேலையில் ஒரு மாற்றம் கொண்டுவரும் பலன் பெரும்பாலும் 2, 3, 5 எலோ. எஞ்சின் இளசாக இருக்கும்போது சில மாற்றங்கள் 50, 100 எலோகூடக் கொடுக்கும், அதற்கு நூறு ஆட்டமே சாட்சி சொல்லிவிடும். அந்தப் பொற்காலம் சீக்கிரம் முடிந்துவிடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "புதிர் தொகுப்பில் முன்பு 210 சரி, இப்போது 225 சரி, ஆகவே பலம் கூடியிருக்கிறது" என்று சொல்பவர்கள் உண்டு. 1982-லேயே பிராட்கோவும் கோபெக்கும் 24 நிலைகள் கொண்ட ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அப்போதைய புரோகிராம்களுக்கு அது நல்ல அளவுகோல். இன்று புதிர்கள் பிழை கண்டுபிடிக்க உதவும், பலம் அளக்க உதவாது. தியாகம் செய்து மேட் தேடுவதில் கெட்டிக்கார எஞ்சின் சாதாரண நிலையில் சொதப்பலாம். ஆட்டம் ஆடித்தான் பார்க்க வேண்டும்.

பேஸை உறைய வையுங்கள்

புது வெர்ஷனை எதோடு மோதவிடப் போகிறீர்களோ அதற்கு பேஸ் என்று பெயர். மாற்றம் எழுதுவதற்கு முந்தைய நிலையை அப்படியே கம்பைல் செய்து, தனி ஃபோல்டரில், தேதி போட்ட பெயரோடு வைத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே கம்பைலரில், ஒரே ஆப்டிமைசேஷன் அமைப்பில், ஒரே நாளில் கம்பைல் செய்வது உத்தமம்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஒரு தடவை என் புது வெர்ஷன் 150 எலோ முன்னே ஓடியது. அன்று சாயங்காலம் நண்பர்களுக்கு மசால் தோசை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் ஏதோ சந்தேகத்தில் இரண்டுக்கும் நொடிக்கு எத்தனை நோட் (தேடலில் எஞ்சின் பார்க்கும் நிலை) தேடுகிறது என்று பார்த்தால், புதியது பதினொரு லட்சம், பழையது நாலு லட்சம். பழையதை டிபக் முறையில் (பிழை தேடுவதற்கான மெதுவான வடிவம்) கம்பைல் செய்து வைத்திருந்திருக்கிறேன். தோசைக் காசு போனது போனதுதான்.

ஆகவே ஆட்டம் தொடங்கும் முன் மூன்று சில்லறைப் பரிசோதனைகள்.

முதலாவது பெர்ஃப்ட், அதாவது ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம்வரை சாத்தியமான நகர்வு வரிசைகளை எண்ணிப் பார்ப்பது. நகர்வுகளை உருவாக்கும் பகுதியில் கை வைத்திருந்தால் இது கட்டாயம். தொடக்க நிலையிலிருந்து 1, 2, 3, 4, 5 ஆழத்துக்கு 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் பிழை. தொடக்க நிலையை மட்டும் நம்பாதீர்கள், கோட்டை கட்டுதல், ஆன்பாஸான், சிப்பாய் பதவி உயர்வு எல்லாம் கலந்த நிலைகளிலும் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது பெஞ்ச். முன்பே தேர்ந்தெடுத்த சில பத்து நிலைகளைக் குறிப்பிட்ட ஆழம்வரை தேடவிட்டு, மொத்த நோட் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்வது. அந்த எண் எஞ்சினின் கைரேகை மாதிரி. வேகத்துக்காக மட்டும் எழுதிய மாற்றத்தில் இந்த எண் மாறவே கூடாது. மாறினால் தெரியாமல் எதையோ உடைத்திருக்கிறீர்கள். தேடலையோ மதிப்பீட்டையோ மாற்றியும் எண் மாறவில்லையா? அப்படியானால் நீங்கள் எழுதிய புது வரிகள் ஓடவே இல்லை. இரண்டாவது ரகம் எனக்கு நாலைந்து தடவை நடந்திருக்கிறது.

மூன்றாவது வேகம். பேஸையும் புதியதையும் மாற்றி மாற்றி இருபது தடவை பெஞ்ச் ஓட்டி, சராசரி பாருங்கள். ஒன்றை இருபது தடவை ஓட்டிவிட்டு அடுத்ததை இருபது தடவை ஓட்டினால், இரண்டாவதற்குச் சூடான பிராசசர் கிடைக்கும். ஒப்பீடு கெட்டுவிடும்.

அப்புறம், ஒரு சோதனையில் ஒரே ஒரு மாற்றம். நல் மூவ் புரூனிங் என்ற தேடல் வெட்டையும் ராஜா பாதுகாப்பு மதிப்பீட்டையும் சேர்த்து மாற்றிவிட்டுச் சோதித்தால், ஒன்று கொடுத்த ஆறு எலோவை இன்னொன்று தின்றது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

மெஷினைத் தயார் செய்வது

எட்டு கோர் இருந்தால் ஒரே நேரத்தில் ஆறு அல்லது ஏழு ஆட்டம் ஓட்டுங்கள். எஞ்சினுக்குத் திரெட் ஒன்று. ஹைப்பர்திரெடிங் காட்டும் பதினாறை நம்பிப் பதினைந்து ஆட்டம் ஓட்டினால், ஒரே கோரை இரண்டு ஆட்டங்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று திடீரென்று மெதுவாகும், நேரக் கணக்கு தடுமாறும். மீதி ஒரு கோர் சிஸ்டத்துக்கும் ஆட்டம் நடத்தும் மென்பொருளுக்கும்.

சோதனை ஓடும்போது அதே மெஷினில் யூடியூப் பார்க்காதீர்கள். சொன்னால் யாரும் கேட்பதில்லை. நானும் பார்த்திருக்கிறேன்.

பெங்களூரு குளுகுளு ஊர் என்று ஊரில் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரலில் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் ஒரு லேப்டாப்பை ராத்திரி முழுக்க நூறு சதவீதத்தில் ஓட்டிப் பார்த்தால் தெரியும். பத்து நிமிடத்தில் சூடேறி, பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு எஞ்சினுக்கும் சமமாகக் குறைந்தால் பெரிய தப்பில்லை, ஆனால் நேரம் தவறித் தோற்கும் ஆட்டங்கள் முளைக்கும். டர்போவை அணைத்துவிட்டு நிலையான வேகத்தில் ஓட்டுவது நல்லது. முடிந்தால் ஒரு பழைய டெஸ்க்டாப் வாங்கிக்கொள்ளுங்கள். எஸ்.பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை சுற்றினால் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். கிராபிக்ஸ் கார்டு அவசியமில்லை, கோர் எண்ணிக்கைதான் முக்கியம்.

மழைக்காலத்தில் யூபிஎஸ் வேண்டும். முதல் இடி இடிக்கும்போதே கரண்ட் போகும் தெரு எங்களுடையது. 7,000 ஆட்டம் முடிந்த சோதனை ஒன்று அப்படிப் போனது. ஆட்டம் நடத்தும் மென்பொருளில் இடையிடையே நிலையைச் சேமிக்கும் வசதி இருந்தால் அதை முதல் நாளே பழகி வையுங்கள்.

ஓப்பனிங் புக்கும் ஜோடி ஆட்டமும்

ஒரே தொடக்க நிலையிலிருந்து இரண்டு எஞ்சின்களை ஆயிரம் தடவை ஆடவிட்டால் பல ஆட்டங்கள் ஒன்றுபோலவே போகும். ஆயிரம் ஆட்டம் என்று கணக்கு காட்டும், உள்ளே சில நூறு ஆட்டத்துச் சரக்குதான் இருக்கும். அதனால் ஆயிரக்கணக்கான தொடக்க நிலைகள் கொண்ட ஒரு புக் தேவை, வரிசை குலுக்கி எடுக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு ஓப்பனிங்கும் இரண்டு தடவை ஆடப்பட வேண்டும். ஒரு தடவை புதியது வெள்ளை, அடுத்த தடவை கறுப்பு. இந்த ஜோடி முறை நியாயத்துக்காக மட்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கணக்கிலும் இதற்குப் பெரிய லாபம் இருக்கிறது.

ஒரு ஓப்பனிங் வெள்ளைக்கு ஏகச் சாதகம் என்று வையுங்கள். இரண்டு ஆட்டத்திலும் வெள்ளையே ஜெயிக்கும். புதியதற்கு ஒரு வெற்றி, ஒரு தோல்வி. தனித்தனி ஆட்டமாகப் பார்த்தால் இரண்டு பரபரப்பான முடிவுகள். ஜோடியாகப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று, யார் பலமென்று எதுவும் சொல்லாத முடிவு. ஆகவே கெட்டிக்காரக் கருவிகள் வெற்றி, தோல்வி, டிரா என்ற மூன்று கூடைக்குப் பதில், ஜோடிக்கு 0, 0.5, 1, 1.5, 2 புள்ளி என்று ஐந்து கூடையில் எண்ணும். இதற்குப் பென்டனோமியல் என்று பெயர். ஸ்டாக்ஃபிஷ் என்ற பலமான எஞ்சினை எழுதும் குழுவின் சோதனை ஏற்பாடான ஃபிஷ்டெஸ்ட் இப்படித்தான் கணக்கிடுகிறது. பிழை எல்லை சுருங்குகிறது, குறைந்த ஆட்டத்தில் முடிவு வருகிறது.

எந்த புக்? எஞ்சின் நடுத்தரப் பலத்தில் இருக்கும்வரை, ஏழெட்டு நகர்வு ஆடி முடித்த சமநிலையான ஓப்பனிங்குகள் போதும். எஞ்சின் வளர வளர அந்த நிலைகளிலிருந்து எல்லாமே டிராவில் முடியும், சோதனை மூச்சுத் திணறும். அப்போது ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிலைகளைக் கொண்ட புக்குக்கு மாறுவார்கள். ஸ்டெஃபான் போல் தொகுத்த யூஹோ வகை புக்குகள் இதற்குப் பேர்போனவை. தம்பியின் எஞ்சினுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. வந்தால் அவன் ட்ரீட் வைக்க வேண்டும் என்று பேச்சு.

நேரமும் மற்ற அமைப்புகளும்

ஒரு ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 நொடி, நகர்வுக்கு 0.1 நொடி கூடுதல். ஃபிஷ்டெஸ்டின் குறுகிய நேர அளவு இதுதான், வீட்டுக்கும் பொருந்தும். ஒரு ஆட்டம் சராசரியாக அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஆறு கோரில் மணிக்கு 720 ஆட்டம், பதினான்கு மணி நேரத்தில் பத்தாயிரம். ராத்திரி போட்டுவிட்டு மறுநாள் ஆபீசில் இருக்கும்போது முடிந்திருக்கும்.

ஹாஷ் (ஏற்கெனவே தேடிய நிலைகளை நினைவில் வைக்கும் இடம்) இரண்டுக்கும் ஒரே அளவு, 16 எம்பி. இதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு வெர்ஷனும் தன் இயல்பு அளவை எடுத்துக்கொள்ளும். இயல்பு அளவையே மாற்றியிருந்தீர்கள் என்றால் கதை கந்தல்.

ஆட்டம் நடத்த க்யூட்செஸ்ஸின் கமாண்ட் லைன் வடிவம், அல்லது ஃபாஸ்ட்செஸ். இரண்டும் இலவசம். இரண்டுமே யூசிஐ என்ற பொது மொழி பேசும் எஞ்சின்களை ஏற்கும். எனக்கு ஃபாஸ்ட்செஸ் பிடிக்கும், ஐந்து கூடைக் கணக்கை அதுவே காட்டுகிறது. கொடுக்க வேண்டியவை இவ்வளவுதான்: இரண்டு எஞ்சின்களின் பாதையும் பெயரும், நேரம், ஹாஷ், திரெட், புக்கும் அதன் வரிசையைக் குலுக்கும்படியான அமைப்பும், ஒரு ஓப்பனிங்குக்கு இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி ஆடுவது, ஒரே நேரத்தில் எத்தனை ஆட்டம், ஆட்டங்களைச் சேமிக்கும் ஃபைல், கடைசியாக எஸ்பிஆர்டி (சோதனையை எப்போது நிறுத்துவது என்று சொல்லும் முறை, கீழே வருகிறது) எல்லைகள்.

தோற்ற ஆட்டத்தை முன்கூட்டியே முடிக்கும் வசதியும் உண்டு. மூன்று நகர்வு தொடர்ந்து 4 சிப்பாய் அளவுக்குப் பின்தங்கினால் தோல்வி, 40-வது நகர்வுக்குப் பிறகு எட்டு நகர்வு தொடர்ந்து மதிப்பீடு பூஜ்ஜியத்தை ஒட்டியே இருந்தால் டிரா, இந்த மாதிரி. நேரம் கணிசமாக மிச்சமாகும். ஆனால் உங்கள் மாற்றம் எண்ட்கேம் சம்பந்தப்பட்டது என்றால் இதை அணைத்துவிடுங்கள். ரூக் எண்ட்கேமை ஜெயிக்கத் தெரிகிறதா என்று சோதிக்கும்போது ரூக் எண்ட்கேம் வருவதற்குள் ஆட்டத்தை முடித்தால் என்ன சோதனை அது?

எஸ்பிஆர்டி: எப்போது நிறுத்துவது

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

எல்லோரும் செய்வது இது. ஆட்டத்தை ஓடவிடுவோம், நடுவே எட்டிப் பார்ப்போம். முன்னிலை என்றால் "போதும், ஜெயித்துவிட்டது" என்று நிறுத்துவோம். பின்னிலை என்றால் "இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்போம். தாயம் விழும்வரை உருட்டிவிட்டு, எனக்குத் தாயம் விழுந்தது என்று சொல்கிற கதை. 95 சதவீத நம்பிக்கை என்ற கணக்கு ஒரே ஒரு தடவை பார்ப்பதற்குத்தான். நடுவில் பத்து தடவை பார்த்து, எப்போது எல்லை தாண்டியதோ அப்போது நிறுத்தினால், ஒன்றுமில்லாத மாற்றம் ஜெயித்ததாகவோ தோற்றதாகவோ தோன்றும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 19 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

இதற்கு விடை கண்டுபிடித்தவர் ஆபிரகாம் வால்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ராணுவத்துக்கான சரக்குகளைக் குறைந்த மாதிரிகளில் சோதிப்பது எப்படி என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யோசித்தபோது பிறந்தது எஸ்பிஆர்டி என்ற இந்த முறை. 1945-ல் வெளியே வந்தது. வால்டுக்கும் நம் மண்ணுக்கும் ஒரு சோகமான தொடர்பு உண்டு. இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணம் வந்திருந்தபோது, 1950 டிசம்பரில், அவரும் மனைவியும் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. எஸ்பிஆர்டி என்று தட்டச்சு செய்யும்போதெல்லாம் எனக்கு அந்த மலைதான் ஞாபகம் வரும்.

முறை இதுதான். தொடங்கும் முன்பே இரண்டு ஊகங்களை எழுதிவிட வேண்டும். ஒன்று, புதியது 0 எலோ கூடியது. இன்னொன்று, புதியது 5 எலோ கூடியது. ஒவ்வொரு ஆட்ட முடிவும் இந்த இரண்டில் எதன் பக்கம் சாட்சி சொல்கிறது என்று கூட்டிக்கொண்டே போகும் ஒரு எண் இருக்கிறது, அதற்கு எல்எல்ஆர் என்று பெயர். இரண்டு பக்கமும் 5 சதவீதத் தவறை அனுமதித்தால், அந்த எண் 2.94 தொட்டால் தேர்ச்சி, மைனஸ் 2.94 தொட்டால் தோல்வி. நடுவில் இருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை தடவை எட்டிப் பார்த்தாலும் கணக்கு கெடாது, எல்லையைத் தொடுவதற்கு முன் கை வைக்காமல் இருந்தால் போதும்.

எல்லைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இளம் எஞ்சினுக்கு 0, 10. கொஞ்சம் முதிர்ந்ததற்கு 0, 5. எல்லை நெருங்க நெருங்க ஆட்டம் கூடும். பாதி டிரா என்று வைத்தால், 0, 10 எல்லையில் மாற்றம் உண்மையிலேயே 10 எலோ என்றால் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் ஆட்டத்தில் முடியும். 0, 5 எல்லையில் உண்மை 5 எலோ என்றால் பதின்மூவாயிரம் பக்கம். உண்மை நடுவில், அதாவது 2.5-ல் இருந்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். பாதிப் புத்திசாலியான மாற்றங்கள்தான் அதிக மின்சாரம் தின்கின்றன.

புரோகிராம் வரிகளைக் குறைக்கும் மாற்றம் என்றால் எல்லை வேறு. ஒரு சிக்கலான நிபந்தனையை எடுத்துவிட்டீர்கள், பலம் கூட வேண்டாம், குறையாமல் இருந்தால் போதும். அப்போது மைனஸ் 5, 0.

இரண்டு எச்சரிக்கை. தேர்ச்சி பெற்ற சோதனை காட்டும் எலோவை அப்படியே நம்பாதீர்கள். 0, 5 எல்லையில் வேகமாகத் தேறிய மாற்றம் பக்கத்தில் "12 எலோ" என்று எழுதியிருக்கும். நல்ல அதிர்ஷ்டத்தில் ஓடும்போதுதான் சோதனை சீக்கிரம் நிற்கிறது, ஆகவே அந்த எண் பொதுவாக உப்பியிருக்கும். உண்மையான வளர்ச்சி தெரிய வேண்டுமானால், நாலைந்து மாற்றம் சேர்ந்தபின், ஆட்ட எண்ணிக்கையை முன்பே 20,000 என்று நிர்ணயித்துப் பழைய வெளியீட்டோடு மோதவிடுங்கள். பிழை எல்லை மூன்றரை எலோவுக்குள் வரும்.

அடுத்தது, தோற்ற சோதனையை அப்படியே மறுபடி ஓட்டாதீர்கள். 5 சதவீதத் தவறு என்றால், ஒன்றுக்கும் உதவாத இருபது மாற்றங்களைச் சோதித்தால் அதில் ஒன்று சராசரியாகத் தேறிவிடும். ஒரே மாற்றத்தை இருபது தடவை ஓட்டினாலும் அதே கதைதான். தோற்றால் குறிப்பெழுதிவிட்டு, ஐடியாவை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

முடிந்ததும் பார்க்க வேண்டியவை

தேர்ச்சி என்று வந்தவுடன் குதிக்காமல் ஆட்டங்களைச் சேமித்த ஃபைலைத் திறங்கள். நேரம் தவறித் தோற்றவை எத்தனை, எஞ்சின் இடையில் செத்துப்போனவை எத்தனை, தவறான நகர்வு எத்தனை என்று தேடிப் பாருங்கள். பத்தாயிரத்தில் ஐந்தாறு என்றால் விடலாம். எண்பது, தொண்ணூறு என்றால், அதுவும் ஒரே பக்கம் குவிந்திருந்தால், நீங்கள் அளந்தது செஸ் பலத்தை அல்ல. நகர்வுக்கு 10 அல்லது 20 மில்லி நொடி கையிருப்பாக வைக்கும்படி எஞ்சினில் சொல்லிவிட்டால் பெரும்பாலும் சரியாகும்.

தம்பியின் இரண்டாவது முயற்சியில் இதுதான் நடந்தது. எல்எல்ஆர் விறுவிறுவென்று ஏறியது. ஃபைலில் தேடினால் பேஸ் நூற்றுக்கு இரண்டு ஆட்டம் மணி விழுந்து தோற்றிருக்கிறது. அவன் மாற்றத்தோடு சேர்த்து, நேரம் பார்க்கும் இடைவெளியை 4,096 நோடிலிருந்து 1,024-ஆகக் குறைத்திருந்தான். "அது சும்மா சின்ன மாத்தம்ணா, அதை எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றான். அந்தச் சின்ன மாற்றம்தான் உண்மையில் எலோ கொடுத்தது. அதைத் தனியாகப் பிரித்து பேஸிலும் சேர்த்த பிறகு, அவன் பெருமைப்பட்ட மாற்றம் மைனஸ் 2.94-ஐத் தொட்டு அடங்கியது.

குறுகிய நேரத்தில் தேறியது நீண்ட நேரத்தில் தேறாமல் போகலாம். குறிப்பாகத் தேடலை வெட்டும் மாற்றங்கள். ஆழம் கூடும்போது வெட்டு சரியா தப்பா என்பது மாறுகிறது. ஃபிஷ்டெஸ்டில் இரண்டாம் கட்டமாக 60 நொடி, நகர்வுக்கு 0.6 நொடி, 64 எம்பி ஹாஷ் என்று மறுபடி சோதிக்கிறார்கள். தொண்டர்கள் தங்கள் கம்ப்யூட்டரைக் கடன் கொடுப்பதால் அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. 2013-ல் கேரி லின்ஸ்காட் தொடங்கிவைத்த அந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் ஸ்டாக்ஃபிஷ் அசுர வேகத்தில் வளர்ந்தது. வீட்டில் ஆறு கோரை வைத்துக்கொண்டு நீண்ட நேர ஆட்டம் பத்தாயிரம் ஓட்ட மூன்றரை நாள் ஆகும். அதனால் நான் வெட்டும் மாற்றங்களுக்கும் நேரப் பங்கீட்டு மாற்றங்களுக்கும் மட்டும் அதைச் செய்கிறேன். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஓப்பன்பெஞ்ச் என்ற மென்பொருளை நிறுவி எல்லோர் மெஷினையும் ஒன்றாக ஓட்டலாம்.

கடைசியாக வெளி எதிரிகள். தன் பழைய வடிவத்தோடு மட்டும் ஆடி வாங்கும் எலோ, மற்ற எஞ்சின்களிடம் பெரும்பாலும் குறைந்துதான் கிடைக்கும். இரண்டு வெர்ஷனும் ஒரே ரத்தம், ஒரே குருட்டுப் புள்ளி. ஒருவன் கண்ணுக்குத் தெரிவது மற்றவனுக்குத் தெரியாமல் போனால் அந்த வித்தியாசம் பெரிதாக வெளிப்படும். ஆகவே வெளியீட்டுக்கு முன், உங்கள் எஞ்சினுக்கு மேலும் கீழும் நூறு எலோவுக்குள் இருக்கும் ஐந்தாறு எஞ்சின்களோடு பழையதையும் புதியதையும் தனித்தனியே ஆடவிட்டு ஒப்பிடுங்கள். பொருத்தமானவற்றை சிசிஆர்எல் என்ற எஞ்சின் தரவரிசைப் பட்டியலில் பார்த்து எடுக்கலாம். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இது வேண்டாம், ஆட்டம் பல மடங்கு தேவைப்படும்.

தேறிய மாற்றம் பேஸில் சேர வேண்டும், அடுத்த சோதனை இந்தப் புது பேஸோடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வையுங்கள்: தேதி, மாற்றம், பெஞ்ச் எண், புக், நேரம், எல்லைகள், ஆட்டம், முடிவு. தோற்றவையும் அதில் இருக்க வேண்டும், ஆறு மாதம் கழித்து அதே ஐடியா புதுசு மாதிரி மறுபடி தோன்றும்.

தம்பியின் நோட்டில் இன்றுவரை 31 வரிகள். ஐந்து தேறியிருக்கின்றன. முப்பத்திரண்டாவது என் டெஸ்க்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, 11,200 ஆட்டம் முடிந்து எல்எல்ஆர் 1.87. ஆபீசிலிருந்து காலையிலிருந்து நாலு தடவை மெசேஜ் அனுப்பிவிட்டான். எட்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், கை வைக்கத்தான் கூடாது.